சாவா மருந்து கிடைத்தால் உண்ணலாமா? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில், முதுமைக் காலத்துத் தூக்கமின்மையைப் பற்றி ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "சாகாவரம் கிடைத்தாலும் தூக்கம் வராவிட்டால் என்ன பயன்?" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள்தாம் இப்போது மேசையில் பாதி. ஆகவே, சர்க்கரை நோய், சொத்துத் தகராறு முதலான கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்: என் பேரன் கைப்பேசியில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இன்னும் கொஞ்ச வருஷத்துல யாருமே சாக மாட்டாங்களாம். உனக்குச் சாகாம இருக்க ஆசையா?" என்று கேட்டான். எனக்கு வயது 76. ஆசை என்றும் சொல்ல வரவில்லை. இல்லை என்றும் சொல்ல வரவில்லை. என்றென்றும் வாழ்வது உண்மையிலேயே விரும்பத்தக்கதுதானா?

இரண்டு விடையும் உங்கள் வாயில் வராமல் போனது நியாயமே. ஒரே கேள்விபோல் தெரிந்தாலும் அதற்குள் வெவ்வேறு ஆசைகள் ஒளிந்திருக்கின்றன. இன்றைக்குச் சாகக் கூடாது என்பது ஓர் ஆசை. நாளைக்கு உங்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வீர்கள். மூட்டு வலியும் கண்புரையும் இல்லாத உடம்பு வேண்டும் என்பது இன்னோர் ஆசை. எந்நாளும் சாகவே முடியாத நிலை வேண்டும் என்பது இவ்விரண்டோடும் சேராத தனி ஆசை. பேரன் மூன்றாவதைக் கேட்டிருக்கிறான். உங்கள் மனம் முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, மூன்றாவதில் தயங்கி நின்றிருக்கிறது.

பழங்கதைகளைச் சொன்னவர்கள் இந்த வேறுபாட்டை நுட்பமாக அறிந்திருந்தார்கள். மார்க்கண்டேயன் வெறும் நீண்ட ஆயுளோடு திரும்பவில்லை. 'என்றும் பதினாறு' என்று வயதையும் சேர்த்தே பெற்றான். (அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்வந்திருப்பீர்கள். எண்பதாம் கல்யாணத்துக்கு மறுபடி வர வேண்டும் என்றுதான் எல்லோரும் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். எண்ணூறாம் கல்யாணத்தை யாரும் கேட்பதில்லை.) கிரேக்கர் கதையில், விடியலின் தெய்வமாகிய ஈயோஸ் தன் காதலன் டித்தோனசுக்குச் சாகாவரத்தைக் கேட்டு வாங்கினாள், இளமையைக் கேட்க மறந்துவிட்டாள், அவன் கிழடாகிச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஓயாமல் இரைகிற சிள்வண்டாகிப் போனான். இதைவிட எனக்கு அச்சம் தருவது நம் சிரஞ்சீவிகளின் பட்டியல். மகாபலிக்கும் அனுமனுக்கும் அருளாகக் கிடைத்த நெடுவாழ்வு, அதே வரிசையில் நிற்கும் அசுவத்தாமனுக்குச் சாபமாக வந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்று, கருவிலிருந்த குழந்தையின் மீதும் அம்பை ஏவியவனைக் கண்ணன் சாகவிடவில்லை. மூவாயிரம் ஆண்டு, பேச்சுத் துணைக்கு ஒருவரும் இன்றிக் காடுகளில் அலைந்து திரி என்றான். ஆயுளின் நீளத்தைவிட அந்தத் 'துணையின்றி' என்பதில்தான் தண்டனையின் கூர் இருக்கிறது.

இதைத் தமிழ்ப் புலவர்கள் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் நீங்களே பலமுறை நடத்தியிருக்கக்கூடிய குறள்தான்:

விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா
மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று.

விருந்தினர் வெளியே இருக்க, தான் மட்டும் உள்ளே உண்பது, உண்ணும் பொருள் சாவைத் தடுக்கும் மருந்தே ஆனாலும், விரும்பத்தக்கதன்று. இதை நாம் விருந்தோம்பலுக்கு உரிய பாடமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உங்கள் கேள்வியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். சாவா மருந்து தீது என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதைத் தனியே உண்பதைத்தான் வேண்டாம் என்கிறார். புறநானூற்றின் 182ஆம் பாட்டும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இந்திரரின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தமியராய் உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பாடியவர் இளம்பெருவழுதி. 'கடலுள் மாய்ந்த' என்ற அடையோடுதான் அவர் பெயர் இன்றுவரை வழங்குகிறது.

கடலில் மாய்ந்தவர்களைப் பற்றிக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பொங்கல் கழித்துத் தேவனாம்பட்டினம் போயிருந்தேன். தற்காலிகக் கொட்டகை ஒன்றின் வாசலில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கேட்காமலே பேசினார். "கட்டையில போற வயசு என்னுது. என்னை விட்டுட்டுப் பால் குடிக்கிறத எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு எதுக்குய்யா இந்த ஆயுசு?" போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், கட்டைவிரலில் வந்து நிறுத்திவிட்டு, முறத்திலிருந்த நிவாரண அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார். ஆயுள் நல்லதா கெட்டதா என்று அதன்பின் யார் என்னிடம் வாதம் செய்தாலும் அந்த மடங்கிய விரல்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

சாகாமையை இந்த மண்ணில் எல்லோரையும்விட உறுதியாகப் பேசியவர் வடலூர் வள்ளலார் என்பதை நீங்கள் நினைவூட்டலாம். உண்மைதான். 'மரணமிலாப் பெருவாழ்வு' என்பது அவருடைய சொல். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். ஆனால் அவர் வேலை செய்த வரிசையைப் பாருங்கள். 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். சத்திய ஞான சபையில் சோதி வழிபாடு தொடங்கியது 1872இல். பசித்தவனுக்குச் சோறு போட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்துத்தான் சபையின் கதவு திறந்தது. தனக்கு மட்டும் சாகாவரம் என்று அவர் கேட்டதாக எங்கும் தெரியவில்லை. சீவகாருணியத்தைத் திறவுகோல் என்றே சொன்னார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒருமுறை தைப்பூசத்துக்கு முந்தின நாள் அங்கே நின்றபோது, நீண்ட இரும்புக் கம்பியால் சாம்பலை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இத வாராம விட்டா ராத்திரிக்குள்ள அவிஞ்சிடும் சார்" என்றார். அன்று அதை அடுப்புச் சமாசாரமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

உங்கள் பேரனிடம், "நீயும் உங்க அம்மாவும் உங்க பாட்டியும் கூட இருப்பீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவன் என்ன சொல்கிறான் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: எதுவுமே அளவுக்கு மிஞ்சினால் சலித்துவிடும். ஆயிரம் ஆண்டு வாழ்ந்தால் அந்தச் சலிப்பிலேயே மனிதன் பைத்தியமாகிவிட மாட்டானா?

படித்தவர்கள் பெரும்பாலும் இந்த வாதத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட சான்று செக் நாட்டு நாடகமொன்றின் நாயகி. மருந்தொன்றின் வலிமையால் 42 வயதிலேயே 300 ஆண்டுகள் நின்றுவிட்ட அவளுக்கு, பாடுவதும் ஒன்று பாடாமலிருப்பதும் ஒன்று என்று எல்லாமே உறைந்துபோய், இறுதியில் மருந்தை மறுத்துவிடுகிறாள்.

எனக்கு இந்த வாதத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் அறுபது ஆண்டாக ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அது சலித்துவிட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. காலைக் காப்பி யாருக்காவது சலித்திருக்கிறதா? சலிப்பு என்பது மனம் எதையும் எதிர்நோக்காதபோது வருவது. இருபது வயதிலும் வரும், வருகிறது. அந்த நாயகியின் துயரத்தையும் நான் வேறுவிதமாகவே படிக்கிறேன். அவள் பார்த்த ஊர்கள் பழசாகிப்போனதைக் காட்டிலும், தன் மொழியில் பழைய கதையை நினைவூட்டிச் சிரிக்க ஓர் ஆள்கூட மிஞ்சாததுதான் அவளை உறைய வைத்திருக்க வேண்டும்.

அண்ணாமலை நகர் மாணவி: தத்துவம் இருக்கட்டும். அறிவியல் உண்மையிலேயே மரணத்தை வென்றுவிடுமா?

உங்கள் சிதம்பரத்தில் பிறந்தவர் ஒருவரே இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நாம் ஏன் முதுமையடைந்து இறக்கிறோம் என்பதை 2024இல் வெளியான நூலில் விளக்கியிருக்கிறார். சாகாமையை விற்பனைப் பொருளாக்கும் ஆரவாரத்தை அவர் நிதானத்தோடும் ஐயத்தோடும்தான் பார்க்கிறார். தற்செயலாக அதே 2009இல் மருத்துவ நோபல் பரிசு, குரோமோசோம்களின் முனையைக் காக்கும் டெலோமியர்களைப் பற்றிய ஆய்வுக்குப் போனது. காலணிக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பியைப் போன்றவை அவை. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அவை கொஞ்சம் தேய்கின்றன. மனித உடலின் இயல்பான செல்கள் ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்பதை லெனார்ட் ஹேஃப்லிக் 1961இலேயே காட்டினார்.

அப்படியானால் நிற்காமல் பிரியும் செல்லே இல்லையா என்றால், இருக்கிறது. 1951இல் அமெரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவருடைய அனுமதியைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. சாகாத செல் என்று நம் கையில் இருப்பது, அதை உடையவரைக் கொன்ற புற்றுநோய்ச் செல்தான். முதுமையைத் தடுக்கும் வழியைத் தேடுபவர்களுக்கு முன்னால் நிற்கும் பெரிய சங்கடம் இது: தேய்மானத்தை நிறுத்தப் போய், கட்டுப்பாட்டையும் சேர்த்து அவிழ்த்துவிடக் கூடாது.

இதுவரை ஆவணங்களோடு உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட மனித ஆயுள் 122 ஆண்டு 164 நாள். பிரான்சின் ஆர்ல் நகரத்தில் வாழ்ந்து 1997இல் மறைந்த ழான் கல்மான் என்ற பெண்மணியுடையது. அவருடைய 90ஆம் வயதில், மாதந்தோறும் பணம் தருவதாகவும், அவர் காலத்துக்குப் பின் வீடு தனக்கு என்றும் ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், முப்பது ஆண்டு பணம் கட்டிக் கட்டி, அவருக்கு முன்னாலேயே இறந்துபோனார். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அந்த அம்மையார் தம் ஒரே மகளை 1934இலும் ஒரே பேரனை 1963இலும் இழந்தவர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்னொன்று. முதுமையை முழுவதும் ஒழித்தாலும் மரணம் ஒழிந்துவிடாது. விபத்து இருக்கிறது, கிருமி இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தனியார் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

அறிவியல் தந்த நெடுவாழ்வு என்று நான் மதிப்பது வேறு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இப்போது ஏறக்குறைய 70. தடுப்பூசி, குடிநீர், பிரசவ மருத்துவம், பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தவற்றால் வந்த ஆயுள் இது. பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டுப் போனபோது பணக்காரரை மட்டும் விட்டுப் போகவில்லை. சாவா மருந்தில் பந்தி வைத்துப் பரிமாறிய பங்கு என்று இதைத்தான் சொல்வேன். இன்றைக்குப் பெரும் செல்வர்கள் தங்கள் உடம்புக்கென்று பணத்தைக் கொட்டித் தேடும் மருந்து கிடைத்தால், அது வள்ளுவர் சொன்ன மூடிய கதவுக்கு உள்ளேதான் முதலில் பரிமாறப்படும் என்று அஞ்சுகிறேன்.

வில்லியனூர் வாசகர்: யாருமே சாகவில்லை என்றால் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் என்ன செய்வார்கள்?

முதிர்வுத் தேதியை மட்டும் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டு, பிரீமியத்தை வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

விவசாயி, பண்ருட்டி வட்டம்: பழைய மரம் விழுந்தால்தானே கன்று தழைக்கும்? முதியவர்கள் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு நிலமும் வேலையும் எங்கிருந்து வரும்?

நீங்கள் பண்ருட்டிக்காரர் என்பதால் உங்கள் உவமையை வைத்தே பேசலாம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, உங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்து கிடந்தன. வெயிலே படாத தோப்புகளில் வானம் தெரிந்தது. உங்கள் கணக்கின்படி கன்றுகளுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனாலும், இடம் கிடைத்தது என்று புயலுக்கு நன்றி சொன்ன ஒரு விவசாயியையாவது நீங்கள் பார்த்தீர்களா? தாத்தா வைத்த பலா மரத்தைத் துண்டு போட வந்த மரவாடிக்காரரிடம் விலை பேசவும் மனமின்றி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவரை நான் பார்த்தேன்.

இடம் வேண்டும் என்பது உண்மைதான். யாரும் இறக்காமல் பிள்ளைகள் மட்டும் பிறந்துகொண்டிருந்தால் மண் தாங்காது. பிறப்பதையும் நிறுத்திவிட்டால், கேள்வி கேட்கப் பேரன்களே இல்லாத உலகம் ஒன்று மிஞ்சும், அது எனக்கு வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்கு இடம்விடுவதற்குச் சாக வேண்டிய அவசியமில்லை. பத்திரத்தை உரிய காலத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, களத்துமேட்டில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, கேட்டால் மட்டும் யோசனை சொல்கிற பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். சாவி முந்தானையிலும் இடுப்பிலும் இருக்கிற வரையில்தான் இந்தச் சங்கடம்.

தானேவுக்குப் பிறகு நட்ட முந்திரியில் பெரும்பகுதி ஒட்டுக்கன்று என்பதையும் கவனியுங்கள். எங்கோ நிற்கும் ஒரு தாய் மரத்தின் கிளைக்குச்சியை இளங்கன்றின் தண்டில் ஒட்டவைத்து, அந்தக் குச்சி புது வேரில் தழைக்கிறது. அது தாய் மரமா, புது மரமா? இதற்கு நீங்கள்தான் எனக்கு விடை எழுத வேண்டும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி வாசகர்: உடம்பே தெய்வீக மாற்றம் அடையும் என்று எங்கள் ஊரில் அரவிந்தரும் அன்னையும் சொன்னார்கள். ஆனால் இருவரும் மறைந்துவிட்டார்களே?

அரவிந்தர் 1950 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 9ஆம் தேதிதான் அடக்கம் நடந்தது. அன்னை 1973 நவம்பர் 17 அன்று, 95ஆம் வயதில். தேதிகளை வைத்து நம்பிக்கைகளைத் தேர்வுத்தாள் திருத்துவதுபோல் திருத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய எழுத்தைப் படித்த அளவில் ஒன்று சொல்லலாம்: இப்போதைய உடம்பையும் இப்போதைய ஆசைகளையும் அப்படியே காலமெல்லாம் இழுத்துக்கொண்டு போவதை அவர்கள் நாடவில்லை. உணர்வு மாற வேண்டும், உடம்பின் மாற்றம் அதைத் தொடர்ந்து வர வேண்டும் என்பதே அவர்கள் வைத்த முறை. மாறாத கோபத்தோடும் மாறாத கஞ்சத்தனத்தோடும் ஒருவர் ஆயிரம் ஆண்டு இருப்பதை எண்ணினால், அவர் வீட்டார் நிலையை நினைத்து நடுக்கம்தான் வருகிறது.

தமிழாசிரியை, திருப்பாதிரிப்புலியூர்: தனியே உண்ணக் கூடாது என்கிறீர்கள், சரி. அதியமான் தந்த நெல்லிக்கனியை ஔவையார் தனியாகத்தானே உண்டார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். புறநானூற்றின் 91ஆம் பாட்டை மறுபடி பார்த்தேன். அந்தக் கனியின் பயனை உன் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, 'சாதல் நீங்க எமக்கீத்தனையே' என்று அதியமானை அவர் பாடுகிறார். கையில் வாங்கியபோது அது இன்ன கனி என்று ஔவைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவன் கையில் திணித்திருப்பார் என்பது என் ஊகம். அதனால்தான் அவன் சொல்லவில்லை.

ஆனால் அதே ஔவை பாடிய 235ஆம் பாட்டையும் நீங்கள் அறிவீர்கள். அதியமான் போரில் மாண்டபின் பாடியது. சாவு நீங்கக் கனி பெற்றவர், அதைத் தந்தவனுக்குக் கையறுநிலை பாட உயிரோடு இருந்திருக்கிறார். அந்தப் பாட்டில் கனி வரவே இல்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றுதான் தொடங்குகிறார். 'மன்னே, மன்னே' என்று திரும்பத் திரும்ப அது கழிந்துபோனதைச் சொல்கிறார். சாகாமைக்குக் கனி கொடுத்தவனை நினைக்கும்போது அவருக்கு நினைவு வந்தது, சேர்ந்து குடித்த கள்.

பெயர் வேண்டாம், கடலூர்ச் சாலை, புதுச்சேரி: இவ்வளவும் எழுதுகிறீர்களே, உங்களுக்கே கொண்டுவந்து கொடுத்தால் குடிப்பீர்களா, மாட்டீர்களா?

எத்தனை தம்ளர் இருக்கிறது என்று முதலில் கேட்பேன். இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்த்த என் மனைவியின் கேள்வி வேறு: "சர்க்கரை போட்டதா, போடாததான்னு கேளுங்க."